தலைப்பிரட்டையின் வாய்க்குள்

போன வாரம் பல் டாக்டர் "வாய நல்லா தொறங்க" என்று சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டபோது கிராம்புத் தைல வாசனை அடித்தது. வலியை மறந்து தலைப்பிரட்டைகளை நினைத்துக்கொண்டேன். சிரிக்காதீர்கள். ஆராய்ச்சி மாணவியாக இருந்த காலத்தில் அவற்றைக் கிராம்புத் தைலத்தில் மயக்கித்தான் வாயைத் திறப்பேன். இப்போது என் முறை, அவ்வளவுதான்.

மலையில் பிடித்த ஒரு மரத்தவளையின் தலைப்பிரட்டைகள் கல்லூரிப் புட்டியில் இருந்தன. வீட்டுச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்குமே தேரை, அதுவும் மரத்தவளைதான். இரண்டின் வாயையும் ஒப்பிட வேண்டும். தேரையின் குஞ்சு கிடைக்காவிட்டால் என் ஆய்வேடு பாதியில் நின்றுவிடும். அதுவோ மழைக்காலத்தில்தான் முட்டையிடும், தண்ணீருக்கு மேலே, வெள்ளை நுரைக்குள்.

சேவூரில் மாமா பட்டுக்குச் சாயம் போடுபவர். அவர் கொட்டகைத் தொட்டியின் சுவரில் அந்த நுரையைப் பார்த்ததும் துள்ளிக் குதித்தேன். பக்கத்து ஆரணிக்குப் போய்ப் புட்டியோடு திரும்புவதற்குள் சுவர் பளிச்சென்று இருந்தது.

"சோப்பு நுரைன்னு நெனச்சேம்மா. ஒரு பக்கெட் தண்ணி ஊத்தி கழுவி வுட்டுட்டேன்."

அவரைக் குறை சொல்ல முடியாது. சோப்புத் தண்ணீரில் பட்டு நூலை வேகவைக்கும் இடம். நுரையைக் கண்டால் கை தானாகப் பக்கெட்டுக்குப் போகும். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாமா பஸ் நிற்கும் இடம்வரை கூடவே வந்தார்.

சில நாள் கழித்து போன். "ஜல்தியா வாம்மா, தொட்டில இன்னாவோ நெளிஞ்சிகினு கீது."

நுரையைக் கரைத்துக் குஞ்சுகளைத் தண்ணீரில் இறக்குவது மழையின் வேலை. அதை மாமாவின் பக்கெட் செய்திருந்தது. பொரிக்கும் தறுவாயில் இருந்த முட்டைகளெல்லாம் பத்திரமாகத் தண்ணீரில் விழுந்திருந்தன. அவை வளரும்வரை அவர் பட்டு அலசப் பக்கத்துக் கொட்டகைக்குப் போனார். "பேஜார் புடிச்ச படிப்பும்மா உன்து" என்று முனகுவாரே தவிர, தொட்டியைக் காலி செய்யவில்லை.

கெஞ்சிக் கூத்தாடிக் கல்லூரி மைக்ராஸ்கோப்பை வாங்கிவந்து அவருக்குக் காட்டினேன். குஞ்சுகளின் தாடையை இருபுறமும் கீறி விரித்து, ஒரு சொட்டு நீலச் சாயம் விட்டிருந்தேன். நாக்கு வரவேண்டிய இடத்தில் குட்டிக் காம்புகள், சுற்றிலும் வேலி போல இன்னும் சில. மலைக்காரனுக்கு நுனி கிளைவிட்டிருந்தது. சேவூர்க்காரனுக்கு மொட்டையாக இருந்தது. இரண்டும் தின்பது ஒரே பாசிதான், பிறகு எதற்கு இரண்டு விதம்? இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது.

"முந்தானக் குஞ்சம் மாறியே கீது. தவளையானப்புறம் இதெல்லாம் எங்கம்மா போவும்?"

"கரைஞ்சி போயிடும் மாமா. அப்புறந்தான் நாக்கு வரும், கத்தும்."

அவர் கண்ணை எடுக்காமலே, "அப்போ மீதி கீறத வுட்டுடு. கத்தட்டும்" என்றார். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, மீதியைத் தொடவில்லை.

இப்போது அந்தத் தொட்டி இல்லை. இறுக்கி மூடிய கறுப்பு பிளாஸ்டிக் டேங்க் நிற்கிறது. கரைந்துபோக வேண்டிய அந்த வாய்கள் மட்டும் கல்லூரிப் புட்டியில் கரையாமல் இருக்கின்றன. போன மழையில் மாமாவுக்கு போன் செய்து, தேரை கத்துகிறதா என்று கேட்டேன்.

போனை வெளியே நீட்டிப் பிடித்தார் போலிருக்கிறது. மழைச் சத்தம் மட்டும் கேட்டது.