உறைமோர்

கள்ளக்குறிச்சியில் எங்கள் தெருமுனையில் மளிகைக்கடை வைத்திருந்த பாய்க்கு மருதாணிச் சிவப்பில் தாடி. பேசும்போதெல்லாம் தராசுத் தட்டைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருப்பார்.

ரைஸ் மில் வேலைக்கு ஒடிசாவிலிருந்து வரும் குடும்பங்களுக்கு வீடு பிடித்து, சாமான் வாங்கிக் கொடுப்பதை நானாகவே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. புதிதாக வந்த ஒரு பெண்ணுக்காகத் தயிர் கேட்டேன். பாய் தரவில்லை.

"பால் வாங்கிக்கினு போம்மா. உறைமோர பக்கத்து வூட்ல கேக்கச் சொல்லு. எல்லாத்தயும் நீயே குடுத்துட்டா அந்தப் பொண்ணு யார்கிட்ட பேசும்?"

அந்தியில் கேட்கப் போனவள் வெறும் கிண்ணத்தோடு அழுதுகொண்டு திரும்பினாள். நான் பாயிடம் போய்க் கத்தினேன்.

"வெளக்கு வச்ச பொறவு மோரு யாரும்மா குடுப்பாங்க?" தட்டைத் துடைத்தபடி சிரித்தார்.

கொடுத்தால் லட்சுமி வீட்டைவிட்டுப் போய்விடுவாள் என்பது எனக்கும் தெரிந்ததுதான். கோபத்தில் மறந்துபோனது. மறுநாள் காலை, பக்கத்து வீட்டம்மாவே மோரோடு அவள் வாசலில் நின்றார்.

பாய் கடையை மூடிவிட்டு உளுந்தூர்பேட்டைக்குப் போய் வெகுநாளாகிறது. போன வாரம் பொழுது சாய்ந்தபின் அதே பெண்ணிடம் நான் உறைமோர் கேட்டேன்.

"வெளக்கு வச்சாச்சுக்கா. காலைல நானே எடுத்துக்கினு வரேன்."

வெறும் கிண்ணத்தோடு, பழக்கத்தில், பாய் கடை இருந்த பக்கம் திரும்பிவிட்டேன்.