வேலை செய்யாத சக்கரம்

மலாயாவில் ரப்பர் விலை சரிந்த அந்த வருஷங்களில் எனக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் நடக்கத் தோன்றும். சொந்த ஊரான நாகப்பட்டினத்துக்கே கப்பலேறிவிடலாம் என்று மனைவியை நச்சரித்துக்கொண்டே இருந்தேன். அவள் அசையவில்லை. கூலாய்க்கு அருகே எங்கள் சின்ன ஊரின் ஓடைக்கரையில் பாழடைந்து கிடந்த சவ்வரிசி ஆலையைக் கடைக்காரர்கள் சேர்ந்து பழையபடியே எழுப்பிக்கொண்டிருந்தார்கள். சிங்கப்பூரிலிருந்து பாலம் தாண்டி மோட்டாரில் வருகிறவர்கள் நம் ஊரில் நிற்பதே இல்லை. அந்தக் காலத்து நீர்ச்சக்கரம் சுற்றினால் இறங்கிப் பார்ப்பார்கள் என்றார் மளிகைக்கடை முதலாளியான சீனத் தவுக்கே. அதை நம்பி ஆலைக்கு எதிரே தேநீர்க்கடை போட்டாள் மனைவி. வண்டிகள் நின்றால் இங்கேயே இருப்பது, நிற்காவிட்டால் கப்பல். அதுதான் எங்களுக்குள் பேச்சு.

சக்கரத்தை ஓடவிட தவுக்கே ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தார். யாரும் நம் பஞ்சாங்கத்தைப் பார்க்கவில்லை. அன்று ஆயுத பூஜை.

வண்டிகள் என்னவோ வந்தன, நின்றன. ஆட்கள் காமிராவோடு இறங்கினார்கள். சக்கரமோ பலகைக்குப் பலகை சந்தனம், குங்குமம் பூசி, வாழைக்கன்று கட்டி, சாமி போல நின்றது. அதைச் செய்த ஆசாரி மதகை அடைத்துவிட்டார். ஆயுதம் இன்று வேலை செய்யாது என்பது அவர் கட்சி. தவுக்கே மலாயில் கெஞ்சினார். "பேசோக், தவுக்கே," நாளைக்கு என்று அதே மலாயில் பதில் வந்தது.

ஒரு வண்டி உறுமிக் கிளம்பத் தயாரானது. எனக்குள் நாகப்பட்டினத்து அலை அடித்தது. சந்தோஷந்தான், ஆனால் மனைவியின் கடைப்பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு ஆசாரியிடம் வந்தாள்.

"அண்ணே, இன்னிக்கு இதுல மாவு எடுக்கப் போறீங்களா?"

"இல்லம்மா. உள்ள துருவுற உருளையே வைக்கலியே. சும்மா பார்க்கத்தானே செஞ்சது."

"அப்ப இது என்ன வேலை? திருவிழாவுல ராட்டினம் சுத்துறதில்லையா?"

ஆசாரியின் முகம் சுண்டிப்போனது. மாதக்கணக்காக இழைத்த மரம் அது.

"ராட்டினமா, தங்கச்சி?" என்றார். அவரே போய் மதகைத் தூக்கினார்.

சக்கரம் முனகி, தயங்கி, சுற்றியது. குங்குமம் கரைந்து ஓடை சிவந்தது. உறுமிய வண்டி அடங்கியது.

உச்சிவேளைக்குள் பால் தீர்ந்தது. தூக்குவாளியோடு என்னைப் பால்காரர் வீட்டுக்கு விரட்டினாள். எதிரே இன்னும் வண்டிகள் வந்துகொண்டிருந்தன. இங்கேதான் இனி என்று தெரிந்துவிட்டது; கால் மட்டும் ஒப்பவில்லை. பால்காரர் வீட்டைத் தாண்டியும் வெகுதூரம் நடந்துவிட்டுத் திரும்பினேன்.