நான் கீறிய பீரங்கி வண்டி

ஒன்பது வயதில், என்னைவிட நன்றாகப் படம் கீறுகிறவர்கள் கொழும்பில், எங்கள் வெள்ளவத்தையிலேயே இல்லை என்று நான் திடமாக நம்பியிருந்தேன். பள்ளிக்கூடத்தில் சுதந்திர தினத்துக்குக் கீறிய சிங்கக்கொடிக்கு முழுப் புள்ளி கிடைத்திருந்தது. அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. ஆனால் வீட்டில் என் பெருமையைக் கேட்க ஆளில்லை. அப்பா கட்டாரில் வேலை. அம்மாவுக்கு நேரமில்லை. மிஞ்சியது மாமா.

மாமா அம்மாவின் தம்பி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கனடா விசாவுக்காக எங்கள் வீட்டில் காத்திருந்தார். யுத்த காலம் அது. யார் தங்கியிருக்கிறார், ஏன் தங்கியிருக்கிறார் என்று பொலிஸில் பதிந்த படிவத்தின் பிரதி எங்கள் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். விசா இன்டர்வியூவில் ஆங்கிலம் கேட்பார்கள் என்று யாரோ வெருட்டியதால், மாமா மருதானை நடைபாதையில் அட்டை கழன்ற ஓர் ஆங்கிலப் புத்தகத்தை மலிவாக வாங்கி வந்தார். வீட்டுக்கு வந்து பிரித்த பிறகுதான் அதில் வாசிக்க அதிகமில்லை என்று தெரிந்தது. முழுக்க நூற்றைம்பது வருடங்களுக்கு முந்தைய கேலிப்படங்கள். ராசாக்களும் மந்திரிகளும் சண்டை பிடித்துவிட்டு, அந்தச் செலவை யார் தலையில் கட்டுவது என்று அடிபடுகிற படங்கள். மாமாவின் ஆங்கிலம் அப்படியே இருந்தது. எனக்குத்தான் கொண்டாட்டம்.

அதில் ஒரு படத்தை நான் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். மாட்டுக்குப் பதிலாக ஒரு மெலிந்த விவசாயியை வண்டியில் பூட்டியிருக்கிறார்கள். வண்டி நிறையப் பீரங்கி. மேலே இறகுத் தொப்பி வைத்த தடித்த தளபதி. பின்னால் ஒரு மந்திரி நீளமான பில்லைப் பிடித்தபடி நடந்து வருகிறார். பில்லின் மிச்சம் தெருவில் இழுபடுகிறது. இது என்ன என்று மாமாவைக் கேட்டேன்.

“சண்டை பிடிச்ச ஆக்கள் செத்துப் போச்சினம். பில் மட்டும் பேரப்பிள்ளையளிட்ட வருது,” என்றார்.

பாதிதான் விளங்கியது. படம் கீறுவதற்கு அது போதும் என்று நினைத்தேன். விவசாயிக்கு எங்கள் ஊர் ஆட்களைப் போல இடுப்பில் சாரம் கட்டிவிட்டேன். இறகுத் தொப்பி எனக்குச் சரிவரவில்லை. அதனால் எங்கள் ஒழுங்கை முகப்பில் காவல் நிற்கிற ஆமிக்காரரின் தொப்பியைத் தளபதிக்கு வைத்தேன். வண்டியில் கொஞ்சம் இடம் வெறுமையாகக் கிடந்தது. முழுப் புள்ளி வாங்கிய சிங்கக்கொடி கைவசம் இருக்கும்போது யாராவது சும்மா விடுவார்களா?

மாமா பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. ஒருவருக்கும் காட்டக்கூடாது என்று சொல்லிப் படத்தை வாங்கித் தன் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார். அவர் அதை அப்போதே கிழித்திருக்கலாம். எனக்காகத்தான் கிழிக்கவில்லை என்று இன்று நினைக்கிறேன். அன்று நினைத்தது வேறு. நல்ல படம் என்று கண்டதும் மாமா அமுக்கிவிட்டார் என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அம்மா இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தபோது பொலிஸும் ஆமியும் வீட்டுச் சோதனைக்கு வந்தார்கள். படிவத்தைப் பார்த்தார்கள், அலுமாரியைப் பார்த்தார்கள், மெத்தையைத் தூக்கிப் பார்த்தார்கள். போகிற நேரத்தில் ஒருவன் புத்தகத்தை எடுத்து உதறினான். என் படம் நிலத்தில் விழுந்தது.

பெரியவராகத் தெரிந்த அதிகாரி அதை எடுத்து நெடுநேரம் பார்த்தார். தொப்பியைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார். யார் கீறியது என்று சிங்களத்தில் கேட்டார். எனக்குச் சிங்களம் பெரிதாகத் தெரியாது. ஆனாலும் அந்தக் கேள்வி விளங்கியது. பாராட்டப் போகிறார் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் மாமா முந்திக்கொண்டு, தான்தான் கீறியது என்று சொல்லிவிட்டார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வளர்ந்த மனுஷன், ஒரு பிள்ளையின் படத்தை எடுத்து எல்லாருக்கும் முன்னால் தன்னுடையது என்கிறார்.

“பொய். அது நான் கீறின படம். மாமா பொய் சொல்லுறார்,” என்று கத்தினேன்.

அதிகாரி அம்மாவைத் திரும்பிப் பார்த்துப் பிள்ளை என்ன சொல்கிறது என்று கேட்டார். அம்மாவின் கையெல்லாம் மா. அவர் மாமாவைப் பார்த்தார். மாமா அசையாமல் நின்றார். பிறகு அம்மா சிங்களத்தில், “மாமாட்ட ஹரி ஆதரெய்,” என்றார்.

மாமா என்ற சொல் எனக்குக் கேட்டது. அம்மா என் முறைப்பாட்டைச் சொல்லிவிட்டார் என்று நிம்மதியாக இருந்தது. அதிகாரி என் தலையைத் தடவினார். அந்தக் கை மெதுவாகத்தான் இருந்தது. ஆனால் படத்தை என்னிடம் தரவில்லை. படத்தையும் மாமாவையும் கொண்டு போனார்கள்.

படிக்கட்டில் இறங்கும்போது மாமா நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மன்னிப்புக் கேட்டால்தான் இனிக் கதைப்பது என்று தீர்மானித்திருந்தேன்.

அன்று பின்னேரம் அம்மா இரண்டு மூன்று இடங்களுக்கு அலைந்துவிட்டு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

“மாமா வராட்டிப் பரவாயில்லை. என்ர படத்தை வாங்கித் தாங்கோ,” என்றேன்.

அம்மா அடிக்கவில்லை, ஏசவில்லை. ஓம் என்று மட்டும் சொன்னார். மாமா திரும்பி வரவேயில்லை. எங்கே வைத்திருந்தார்கள், என்ன ஆனார் என்று இன்றுவரை ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

சிங்களம் எனக்கு வேலைக்குப் போன பிறகுதான் ஒழுங்காக வந்தது. ஒருநாள் மதியம், கூட வேலை செய்கிற பெண் ஒருத்தி தன் மகளைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைக்கு மாமா என்றால் உயிராம். அவள் சொன்னது, அன்று அதிகாரியிடம் அம்மா சொன்ன அதே சொற்கள். நான் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு வெளியே போய் நின்று அழுதேன்.

அம்மாவிடம் இதுவரை கேட்கவில்லை. நான் சொன்னதை அம்மா அப்படியே சொல்லியிருந்தால், சின்னப்பிள்ளை விளையாட்டு என்று அவர்கள் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். இல்லாவிட்டால், பிள்ளைக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது யார் என்று கேட்டு அம்மாவையும் கொண்டு போயிருக்கலாம். எது நடந்திருக்கும் என்று யோசிக்க அவருக்கு ஒரு மூச்சு விடும் நேரம்தான் இருந்தது. அந்த நேரத்துக்குள் என்னையா தம்பியையா என்று அவர் முடிவெடுத்தார். அந்த முடிவோடுதான் இத்தனை வருடமும் எனக்குச் சமைத்துப் போட்டார். ஒன்பது வயதில் எனக்கு விளங்கியதெல்லாம், மாமா என் படத்தைக் களவெடுத்துவிட்டார் என்பது மட்டும்தான்.