தேவராஜ் குதிக்காமல் நின்ற நேரம்

1. மூக்கு

ஆம்பூருக்கு வெளியே இருந்த அந்தத் தோல் தொழிற்சாலையில் நான் சேர்ந்த முதல் நாள், புரொடக்‌ஷன் மேனேஜர் நிசார் பாய்தான் என்னைச் சுற்றிக் காட்டினார். உப்புப் போட்ட பச்சைத்தோல் வந்து இறங்கும் இடம், பெரிய மர டிரம்கள் சுழலும் கூடம், அங்கிருந்து கழிவுநீர் ஓடும் வாய்க்கால்கள். நான் கைக்குட்டையை எடுப்பதைப் பார்த்து அவர் சிரித்தார்.

"ரெண்டு நாள் கஷ்டமா இருக்கும் மேடம். அப்புறம் பழகிடும். எங்களுக்கெல்லாம் வாசனையே தெரியாது."

"எனக்கு பயமே அதுதான் பாய்," என்றேன்.

அவர் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டார்.

என் பதவியின் பெயர் சேஃப்டி அண்ட் என்விரான்மென்ட் இன்ஜினியர். கேட்டுக்கு உள்ளே ஆளுக்கு அடிபடக் கூடாது, கேட்டுக்கு வெளியே தண்ணீரும் மண்ணும் கெடக் கூடாது. இரண்டும் வேறு வேறு வேலை என்று படிக்கும்போது நினைத்திருந்தேன். தோல் தொழிற்சாலையில் இரண்டும் ஒரே வாய்க்காலில்தான் ஓடுகின்றன.

தோலிலிருந்து முடியை எடுக்கச் சுண்ணாம்போடு சல்ஃபைடு சேர்ப்பார்கள். அந்தத் தண்ணீருக்குத் தனி வாய்க்கால். பிறகு 'பிக்கிள்' என்ற கட்டத்தில் தோலை அமிலத்தில் ஊறவைப்பார்கள். அந்தத் தண்ணீருக்கு இன்னொரு வாய்க்கால். இரண்டும் ஒருபோதும் சந்திக்கக் கூடாது. சந்தித்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கிளம்பும்.

இந்தத் தொழிலுக்கு வருகிற இளைஞர்கள் அந்த வாயுவைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை வாசனை அடிக்கும். ஜாஸ்தியானால் வாசனையே நின்றுவிடும். வாயு போய்விட்டதாக நினைத்து ஆள் நிம்மதியாக மூச்சு இழுப்பான். உண்மையில் மூக்குதான் செத்துப் போயிருக்கும். அடுத்த ஓரிரு மூச்சில் ஆளும் விழுந்துவிடுவான். காவல் நாயை முதலில் தூங்கவைத்துவிட்டு வீட்டுக்குள் வருகிற திருடன் மாதிரி அது. இத்தனை வருடம் அதோடு பழகியும், அதன் அடக்கமான பலத்தை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கிறது.

2. பயிற்சி

மாதம் ஒருமுறை மீட்புப் பயிற்சி வைத்தேன். கழிவுநீர்த் தொட்டியின் வாய்க்கு மேல் முக்காலி நிறுத்தி, வின்ச்சில் கம்பி கட்டி, மணல் மூட்டையைத் தூக்கிக் காட்டுவேன். முதுகில் காற்று சிலிண்டரும் முகத்தில் மாஸ்க்கும் மாட்டுகிற பி.ஏ. செட்டை ஒவ்வொருவரும் போட்டுப் பழக வேண்டும். டிரம்மை நிறுத்திவிட்டு ஆட்கள் வருவது நிசார் பாய்க்குப் பெரிய பேஜாராக இருந்தது.

"மேடம், ஷிப்மெண்ட் நேரத்துல மூட்டையைத் தூக்கி விளையாடிக்கினு இருக்கீங்களே," என்பார்.

ஒரு பயிற்சியில் எல்லாரிடமும் ஒரு கேள்வி கேட்டேன். "உங்க கண்ணெதிர்ல ஒருத்தர் உள்ள விழுந்துட்டாரு. இன்னா பண்ணுவீங்க?"

டிரம் ஆபரேட்டர் தேவராஜ் உடனே சொன்னார்: "எவனா இருந்தாலும் குதிச்சித் தூக்குவேன் மேடம். அதுவும் என் தம்பின்னா கேக்கவே வேணாம்."

அவருடைய தம்பி சம்பத் எங்கள் கழிவுநீர்ப் பிரிவில் பம்ப் பார்க்கிறவன். பக்கத்திலேயே நின்றிருந்தான். அண்ணன் தோளில் தட்டிச் சிரித்தான்.

நான் சிரிக்கவில்லை. இந்த மாதிரி தொட்டிகளில் முதலில் விழுகிறவர் ஒருவர்தான். தூக்கப் போகிறவர் அவர்மேல் விழுவார், அவரைத் தூக்கப் போகிறவர் அவருக்கும் மேல் விழுவார். கெட்ட எண்ணத்தால் யாரும் சாவதில்லை, பாசத்தால்தான் சாகிறார்கள் என்று சொன்னேன். பயிற்சி முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு தேவராஜ் வந்து, "அந்த செட்டை இன்னொரு தபா மாட்டிப் பாக்கட்டா மேடம்?" என்று கேட்டார். அதற்குப் பிறகு எந்த மாதமும் அவரைக் கூப்பிட வேண்டியிருந்ததில்லை.

3. அந்தக் காலை

சில வருடங்களுக்குப் பிறகு ஒரு காலை, சல்ஃபைடு கலந்த சுண்ணாம்புத் தண்ணீர் சேருகிற சம்ப்பில் பம்ப் நின்றுபோனது. சம்ப் என்பது தரைக்குக் கீழே கட்டிய மூடு தொட்டி. நடுவில் ஓர் இரும்பு மேடை, அதுவரை இறங்கச் சுவரோடு ஓர் ஏணி. பம்பில் தோல் சவ்வு சிக்கியிருக்கும், பம்பைக் கட்டியிருக்கும் கயிற்றை அசைத்தால் விட்டுவிடும் என்று நினைத்து, அனுமதிச் சீட்டு வாங்காமல், பெல்ட் போடாமல் சம்பத் ஏணியில் இறங்கிவிட்டான். இரண்டு வாய்க்கால்களுக்கு நடுவே இருந்த தடுப்புப் பலகை உளுத்து உடைந்து, பிக்கிள் தண்ணீர் சம்ப்புக்குள் வந்துகொண்டிருந்தது யாருக்கும் தெரியாது.

கத்தல் கேட்டு நான் ஓடியபோது சம்பத் இரும்பு மேடையில் குப்புறக் கிடந்தான். கை மட்டும் மேடைக்கு வெளியே தொங்கியது. வாயுவை அளக்கும் டிடெக்டரைக் கயிற்றில் கட்டி இறக்கினேன். பாதி தூரம்கூடப் போகவில்லை, அலறத் தொடங்கியது. அளவு திரையையே தாண்டிவிட்டது.

"பிக்கிள் டிரம்மை மூடுங்க! யாரும் தண்ணி விடாதீங்க! ப்ளோயரை இழுத்துக்கினு வாங்க!" என்று கத்தினேன். ஒருவர் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்.

அப்போது நிசார் பாய் ஈரக் கைக்குட்டையை முகத்தில் கட்டிக்கொண்டு ஏணியில் காலை வைத்தார். பயிற்சியைக் கேலி செய்தவர்தான். ஆனால் தன் ஆள் உள்ளே கிடக்கும்போது மேலே நிற்க முடியாத மனிதர். நான் அவர் பக்கம் ஓடுவதற்குள் ஒரு கை அவர் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தது.

தேவராஜின் கை.

"வேணாம் பாய். நீங்களும் உழுந்தா நான் ரெண்டு பேரைத் தூக்கணும்."

"டேய், உன் தம்பிடா அவன்!"

"தெரியும் பாய்."

நான் பி.ஏ. செட்டைக் கொண்டுவரச் சொல்வதற்கு முன்பே அவர் ஆள் அனுப்பிக் கொண்டுவரச் செய்திருந்தார். சம்ப் வாயின் ஓரத்தில் நின்று மாட்டத் தொடங்கினார். தோள் பட்டையை இறுக்கினார். சிலிண்டரைத் திறந்து அழுத்தம் பார்த்தார். மாஸ்க்கைப் போட்டு, காற்றுக் குழாயின் வாயை உள்ளங்கையால் மூடி, மூச்சை உள்ளே இழுத்து, எங்கேயாவது கசிகிறதா என்று சோதித்தார். இடது கன்னத்தோரம் கசிந்தது போலிருக்கிறது. மாஸ்க்கைக் கழற்றிப் பட்டையைச் சரிசெய்து, மறுபடியும் போட்டு, மறுபடியும் சோதித்தார்.

கீழே அவருடைய தம்பி அசையாமல் கிடந்தான். அவர் கண் தம்பியை விட்டு நகரவில்லை. கை மட்டும் தன் வேலையை வரிசை தவறாமல் செய்தது. சுற்றி நின்றவர்களில் சிலர் அழுதார்கள். ஒருவர், "சீக்கிரம் எறங்குடா!" என்று கத்தினார். தேவராஜ் அவசரப்படவில்லை. தீயில் இறங்கியவர்களையும் வெள்ளத்தில் நீந்தியவர்களையும் பற்றிக் கேட்டிருக்கிறேன். அந்தச் சில கணங்கள் ஒரு மனிதன் குதிக்காமல் நின்றதைப் போல ஒரு வீரத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

இன்னொரு செட்டை நான் மாட்டிக்கொண்டு வாயருகே தயாராக நின்றேன். தேவராஜின் பெல்ட்டில் கட்டிய கயிற்றை இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். பயிற்சியில் செய்தது போலவே சிலர் முக்காலியை வாய்க்கு மேல் நிறுத்தினார்கள், நிசார் பாய் அதன் வின்ச்சைப் பிடித்தார். ப்ளோயர் காற்று தொட்டிக்குள் இரைந்தது. தேவராஜ் ஏணியில் இறங்கி, தம்பியின் அக்குளுக்குக் கீழே பட்டையைச் சுற்றி, கொக்கியை மாட்டி, கட்டைவிரலை உயர்த்தினார். நிசார் பாய் வின்ச்சைச் சுற்றினார். எதையோ ஓதியபடி சுற்றினார்.

சம்பத் மேலே வந்தபோது நீலம் பூத்திருந்தான். மூச்சு இருக்கிறதா இல்லையா என்று தெரியாத மூச்சு. வாயோடு வாய் வைத்து ஊதக் கூடாது, வாயு ஊதுகிறவரையும் பிடிக்கும். ரப்பர் பையை முகத்தில் பொருத்தி அழுத்தி அழுத்திக் காற்றை உள்ளே தள்ளினேன். ஆம்புலன்ஸ் உள்ளே திரும்பும் சத்தம் கேட்டபோது அவன் ஒருமுறை இருமினான்.

தேவராஜ் மேலே வந்து மாஸ்க்கைக் கழற்றினார். அதற்குப் பிறகுதான் தம்பியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

4. ஆஸ்பத்திரி

வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சம்பத்தை வைத்துப் பார்த்தார்கள். இரண்டாம் நாள் நான் போனபோது தேவராஜ் நடைவழிக் கோடியில் தனியாக உட்கார்ந்திருந்தார். அவருடைய அம்மா ஐ.சி.யூ. கதவருகே நின்றிருந்தார். இருவரும் பேசிக்கொள்ளவில்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது.

"ஊர்ல யாரோ சொல்லிட்டாங்க மேடம்," என்றார் தேவராஜ். "தம்பி உள்ள கெடக்கும்போது நான் நின்னு நிதானமா பெல்ட்டு மாட்டிக்கினு இருந்தேன்னு. அம்மா என் மூஞ்சியைப் பாக்க மாட்டேங்குறாங்க." பிறகு கேட்டார்: "நான் லேட் பண்ணிட்டேனா மேடம்?"

நான் அவரை எழுப்பி அம்மாவிடம் அழைத்துப் போனேன். என் பதவி, வாயு, மாஸ்க் பற்றியெல்லாம் சொல்ல முயன்றேன். "இவரு அப்படியே குதிச்சிருந்தா சம்பத்தை யார்மா தூக்கியிருப்பாங்க? இன்னைக்கு உங்க ரெண்டு பசங்களும் இருந்திருக்க மாட்டாங்க," என்றேன்.

அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை. மகனைத்தான் பார்த்தார்.

"அத்த மாட்ட எவ்ளோ நேரம் ஆச்சு?"

"தெரியலம்மா. ரொம்ப நேரம் மாதிரி இருந்துச்சு."

"அவ்ளோ நேரமும் அவனைப் பாத்துக்கினே நின்னியா?"

"ஆமாம்மா."

அவர் தேவராஜின் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். அத்தனை பெரிய மனிதர் அங்கே நின்று குலுங்கிக் குலுங்கி அழுதார். நான் தள்ளிப் போய் ஜன்னலருகே நின்றேன்.

சம்பத் பிழைத்தான். தலைவலியும் மறதியும் பல மாதம் இருந்தன. பிறகு வேலைக்குத் திரும்பினான். அந்தக் காலை மட்டும் இன்றுவரை அவனுக்கு நினைவில்லை.

5. ஏணி

தொழிற்சாலையில் தேவராஜுக்குச் சால்வை போட்டார்கள். நிசார் பாய் என் அறைக்கு வந்தார். முதல்முறையாக, உட்காரலாமா என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

"இன்னும் நாலு செட் வாங்கிடலாம் மேடம். எல்லாரையும் தேவராஜ் மாதிரி தயார் பண்ணிடலாம்."

"செட் இருக்கட்டும் பாய். ஆனா எல்லாரும் தேவராஜ் ஆக முடியாது. நானே ஆக முடியுமான்னு எனக்குத் தெரியாது. யாருமே உள்ள எறங்க வேண்டாத மாதிரி பண்ணிடலாம்."

அப்படியே செய்தோம். இரண்டு தண்ணீருக்கும் நடுவே பலகை இருந்த இடத்தில் கான்கிரீட் சுவர் எழுப்பி, பிக்கிள் தண்ணீரைக் குழாயில் தனியாகக் கொண்டுபோனோம். தோல் சவ்வைப் பிடிக்கும் சல்லடையைத் தொட்டிக்கு வெளியே மாற்றினோம். தண்டவாளம் போல இரண்டு கம்பி நிறுத்தி, பம்ப் கெட்டால் செயினால் மேலே இழுத்து வெயிலில் வைத்து ரிப்பேர் செய்கிற மாதிரி அமைத்தோம். வாயு கூடினால் அலறும் சென்சாரைத் தொட்டி வாயிலேயே பொருத்தினோம்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஆபத்தின் முன்னால் மனிதர்கள் எவ்வளவு பெரியவர்களாக நிற்க முடியும் என்பதைப் பார்ப்பீர்கள், மலைத்துப் போவீர்கள். மலைத்துவிட்டு உங்கள் வேலைக்குத் திரும்புங்கள். ஒரு மனிதனிடம் அவ்வளவு பெரிய தைரியத்தைக் கேட்காத தொட்டியைக் கட்டுவதுதான் நம் வேலை.

எல்லாம் முடிந்த பிறகு, சம்ப்பைக் காலி செய்து, கழுவி, காற்றடித்து, டிடெக்டர் வைத்துப் பார்த்துவிட்டு, கடைசியாக ஒருமுறை ஆள் இறங்க அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட்டேன். ஃபிட்டர் பெல்ட் போட்டுக்கொண்டு இறங்கி, சுவரிலிருந்து ஏணியை அறுத்தெடுத்தார். வெட்டிய துண்டுகளைக் கயிற்றில் கட்டி மேலே இழுத்தோம். தேவராஜ் அவற்றை ஒவ்வொன்றாக வாங்கிக் கொண்டுபோய்ப் பழைய இரும்புக் குவியலில் போட்டார்.