கழுவி வைத்துக் கழுவியவள்

தையல்காரம்மாவுக்கு அந்தத் தெருவில் இன்னொரு பெயரும் உண்டு: பளபளா. முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். அது அவள் காதுக்கும் எட்டியிருந்தது. கேட்டு உள்ளூரக் கொஞ்சம் பூரித்தும் போயிருந்தாள். அவள் வீட்டு சிங்க்கில் ஒரு ஸ்பூன் கிடந்து யாரும் பார்த்ததில்லை. கணவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே தட்டை எட்டிப் பார்த்தபடி நிற்பாள். அவர் பஸ் டிரைவர், பொறுமைசாலி. "இரும்மா, இன்னும் ரெண்டு வாய் இருக்கு" என்று தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார்.

கடைசியில் ஓயாமல் கழுவிய அந்தக் கையே அவள் காலை வாரிவிட்டது. விரல் நுனிகள் வெடித்துத் தோல் உரிய ஆரம்பித்தன. தண்ணீரும் சோப்பும் கூடவே கூடாது என்று தோல் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கையுறை போட்டுப் பார்த்தாள். உள்ளே வேர்த்து இன்னும் மோசமானது. அதுவும் போக, ரப்பரைப் போட்டுக்கொண்டு தடவினால் எண்ணெய்ப் பிசுக்கு போனதா இல்லையா என்று எப்படித் தெரியும்?

வெறும் எரிச்சல் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுவாள். அவள் தைப்பது மணப்பெண்களுக்கான சாட்டின் உடைகள். விரலில் லேசாகச் சொரசொரப்பு இருந்தாலே போதும், சாட்டின் இழை கையோடு வந்துவிடும். ஒருமுறை வந்தும்விட்டது, உடையின் முன்பக்கத்தில், எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில். அவளுக்குத் தைக்கத் துணி கொடுக்கும் கடைக்காரம்மா கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாகத்தான் பேசினாள்.

"கை ஆறட்டும். அதுவரைக்கும் பருத்தி மட்டும் தச்சுக் குடு. கல்யாண சீசனுக்குள்ள ஆறலைன்னா நான் வேற ஆள் பாக்கணும். தப்பா நெனச்சுக்காத."

இதைக் கேட்ட டிரைவர் யாரிடமும் கலந்து பேசவில்லை. அடுத்த வாரமே பாத்திரம் கழுவும் மெஷின் ஒன்று சமையலறை மேடைக்குக் கீழே வந்து உட்கார்ந்துவிட்டது. அவரே அவளுக்கு விளக்கினார். தட்டில் ஒட்டியிருப்பதை வழித்துக் குப்பையில் போட்டால் போதும், கழுவ வேண்டாம். டம்ளர்கள் மேல் அடுக்கில், கவிழ்த்து. தட்டுகள் கீழே, நடுவைப் பார்த்து. தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு சுற்றும் கையை எதுவும் இடிக்கக் கூடாது. பவுடரைக் குழியில் கோடு வரைக்கும் போட்டு மூடிவிட வேண்டும். அவளும் சமர்த்தாகத் தலையை ஆட்டினாள்.

தலையை ஆட்டியதோடு சரி. வீடு கூட்ட ஆள் வருவதற்கு முன்னால் அவசர அவசரமாக வீட்டைக் கூட்டி வைக்கிற பெண்கள் இருக்கிறார்களே, அந்த ரகம் இவள். டிரைவர் வேலைக்குக் கிளம்பியதும் பாத்திரங்களைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, அலசி, துடைத்து, புத்தம் புதுசு மாதிரி உள்ளே அடுக்குவாள். பவுடரில் என்ன கஞ்சத்தனம் என்று குழி நிறையக் குவிப்பாள். சாயங்காலம் மெஷின் கதவைத் திறந்து பார்க்கும் டிரைவர், "பாத்தியா, எப்படிக் கழுவியிருக்கு!" என்று அசந்து போவார். அவள் வாயே திறக்க மாட்டாள்.

கொஞ்ச நாளில் கண்ணாடி டம்ளர்கள் மங்க ஆரம்பித்தன. எவ்வளவு தேய்த்தாலும் அந்த வெள்ளை போகவில்லை. பின்னே? அழுக்கைத் தின்ன வந்த பவுடருக்கு அழுக்கே வைக்காவிட்டால் அது எதைத் தின்னும்? கண்ணாடியைத் தின்றது. அவளோ பழியை மெஷின் மேல் போட்டுவிட்டு இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

கையும் ஆறவில்லை. டிரைவர் களிம்பை மாற்றினார், டாக்டரை மாற்றினார், மருந்துக்கடைக்காரரோடு சண்டைக்கே போய்விட்டார். சீசனும் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒருநாள் பஸ் வழியில் நின்றுபோக, மத்தியானத்துக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டார். முழங்கை வரை நுரையோடு அவள் கையும் களவுமாக மாட்டிக்கொண்டாள்.

டிரைவர் எட்டிக் குழாயை மூடினார். "அந்த மருந்துக்கடைக்காரர என்னெல்லாம் பேசிட்டேன் தெரியுமா?"

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "நம்ம எச்சில்ங்க. அப்படியே கொண்டுபோய் இன்னொண்ணுகிட்ட குடுக்கக் கூச்சமா இருக்கு."

"அது மெஷின்மா. அது யார்கிட்ட போய்ச் சொல்லப் போகுது?"

அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. அவள் கைகளைப் பிடித்துத் துண்டால் ஒற்றி எடுத்தார். விரல் இடுக்கில் ரத்தம் கசிந்திருந்தது. "இனிமே நீ அந்தப் பக்கமே வராத. நான் பாத்துக்கறேன்" என்றார்.

அன்று ராத்திரிச் சாப்பாடு முடிந்து அவர்தான் அடுக்கினார். அடடா, அதை அடுக்குவது என்றா சொல்வது! ஒரு தட்டு கிழக்கே பார்த்தது, ஒரு தட்டு மேற்கே பார்த்தது. முட்டை காய்ந்து ஒட்டிய தட்டைச் சுரண்டக்கூட இல்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவளுக்குக் கை துறுதுறுத்தது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"அந்தக் கிண்ணத்தையாவது கவுத்து வைங்களேன்."

"கவுத்தாச்சு, கவுத்தாச்சு."

கழுவி முடித்ததும் கதவைத் திறந்தார். தட்டில் முட்டை இருந்த சுவடே இல்லை. ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்திருந்த ஸ்பூன்களில் ஒன்றில் மட்டும் மஞ்சளாக ஒரு பொட்டு. அவர் அதைச் சட்டைப்பைக்குள் நழுவவிடப் பார்த்தார்.

"பாத்துட்டேன்" என்றாள் அவள். எழுந்து வரவில்லை. "நாளைக்குத் திரும்ப உள்ள போடுங்க."

அப்புறம் விரல்கள் மெல்ல ஆறின. சீசன் தொடங்கும் முன் கடைக்குப் போனாள். கடைக்காரம்மா சாட்டின் துணியை மேசைமேல் விரித்துவிட்டு அவள் கையையே பார்த்தாள். தையல்காரம்மா விரலால் ஒரு கோடு இழுத்தாள். வழுக்கிக்கொண்டு போனது. ஒரு இழைகூட அசையவில்லை. கடைக்காரம்மா துணியை மடித்து அவள் பையில் வைத்தாள்.

அந்த உடையை அவள் தைத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், பக்கத்து வீட்டம்மா கத்தரிக்கோல் கேட்டு வந்தாள். காலையில் டிரைவர் அவசரத்தில் போட்டுவிட்டுப் போன தட்டுகள், டீ காய்ந்த டம்ளர், ஸ்பூன்கள் எல்லாம் சிங்க்கில் கிடந்தன. பக்கத்து வீட்டம்மாவின் பார்வை அங்கே போய் நின்றது. உதட்டில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. சாயங்காலத்துக்குள் சேதி தெரு முழுக்கப் பரவிவிடும்.

தையல்காரம்மாவுக்கு முகம் சூடானது. சாட்டினைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கத்தரிக்கோலை எடுத்து நீட்டிவிட்டு, மறுபடி தையல் மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள்.