இரண்டு இழுப்பு

எங்கள் கடற்கரையில் சங்கு குளிக்கப் போகிறவன் தன் கயிற்றை மனைவியின் தம்பி கையில்தான் கொடுப்பான். கூடப் பிறந்தவள் தாலியறுக்க எந்தத் தம்பி விடுவான் என்கிற நம்பிக்கை. அப்படித்தான் இருபது வருடம் தூத்துக்குடி வள்ளத்தில் அத்தானின் கயிற்றைப் பிடித்தேன். மேலே கம்ப்ரசர் ஓடும். அவர் ஓஸ் குழாய் வழியாக மூச்சு வாங்கிக்கொண்டு கீழே சங்கு பொறுக்குவார். கயிற்றில் ஒரு இழுப்பு வந்தால், நன்றாக இருக்கிறேன். இரண்டு வந்தால், தூக்கு. ஏன் எதற்கு என்று யோசிக்கக் கூடாது. தெரிந்துகொண்டேன் என்று நானும் இரண்டு தரம் இழுத்துவிட்டுத் தூக்க வேண்டும்.

போன மழைக்காலத்தில் வெறும் காய்ச்சலாகத் தொடங்கியது அவருடைய நுரையீரல் இரண்டையும் தின்றுவிட்டது. வென்டிலேட்டரும் போதாமல், மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் எக்மோ மெஷினில் போட்டார்கள்.

"கம்ப்ரசர் மாதிரியா டாக்டர்?" என்று அக்கா கேட்டாள்.

"இல்லம்மா. கம்ப்ரசர் நெஞ்சுக்குள்ள காத்தக் குடுக்கும். இது ரத்தத்தையே வெளிய எடுத்து, ஆக்ஸிஜன் ஏத்தி உள்ள விடும். அதுவரைக்கும் நுரையீரல் ஓய்வா இருக்கட்டும்."

கறுத்த ரத்தம் ஒரு குழாயில் போய், சிவந்து மறு குழாயில் வந்தது. எங்களுக்குத்தான் ஓய்வில்லை.

மயக்கம் தெளிந்ததும் அத்தான் குழாயைப் பிடித்து இழுத்தார். தொண்டையில் துளை போட்டிருந்ததால் பேச முடியாது. பிடுங்கப் பார்க்கிறார் என்று நர்ஸ் கையைக் கட்டிவிட்டாள். எனக்கு வந்ததே கோபம்!

"பிடுங்கலம்மா, கயிறுன்னு நெனச்சுச் சொல்லுதாரு" என்று சண்டை போட்டுக் கட்டை அவிழ்க்க வைத்தேன். பேண்டேஜ் துணியின் ஒரு முனையை அவர் விரலில் முடிந்து மறுமுனையை நான் பிடித்தேன். ஒரு இழுப்பு. அழுதுவிட்டேன்.

ஐந்து வாரம். பிளாஸ்டிக் நாற்காலி, ஆறிப்போன காப்பி, தினம் அரை மணி நேரப் பார்வை, ஒரு இழுப்பு. ஜெபம் பண்ணக்கூட அலுத்துவிட்டது. கடைசியில் டாக்டர், நுரையீரல் இனித் தேறாது, மாற்று நுரையீரலை அவர் உடம்பு தாங்காது, மெஷினை எதுவரை ஓட்டுவது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றார். அத்தானிடமும் சொல்லியிருந்தார்.

அன்றைக்கு இரண்டு இழுப்பு வந்தது. நான் பதில் கொடுக்கவில்லை. அக்காவிடமும் சொல்லவில்லை. மறுநாளும் இரண்டு. அதற்கு மறுநாளும் இரண்டு. அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் முடியாமல் வராந்தாவில் அக்காவிடம் சொன்னேன்.



"மூணு நாளா இழுக்காரு, நீ சும்மா பிடிச்சுக்கிட்டு இருந்தியாலே?" என்றாள். "அவரத் தூக்குலே."

மெஷினை நிறுத்தச் சம்மதம் என்று அவளே தாளில் கையெழுத்துப் போட்டாள். தூக்க மருந்து ஏற்றுவதற்கு முன் நான் உள்ளே போய்த் துணியை இரண்டு தரம் இழுத்தேன்.