பத்தாம் இடத்துச் சனியும் செவ்வாயும்

என் ஜாதகத்தில் பத்தாம் இடத்தில் சனியும் செவ்வாயும் சேர்ந்து உட்கார்ந்திருப்பதாகப் பதினேழு வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். நான் மட்டுமில்லை, திருச்செங்கோட்டில் எங்கள் தெருவே நம்பியது. பத்தாம் இடம் என்றால் தொழில். சனி இரும்பு, செவ்வாய் பூமி. இரும்பை வைத்துப் பூமியைத் துளைத்தே பிழைக்கிற ஊரில் இதற்கு அர்த்தம் சொல்ல ஜோசியர் எதற்கு? என் அப்பா ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் டிரில்லர். "எம்புள்ளைக்குக் கட்டத்துலயே போர்வெல்லுன்னு எழுதியிருக்குதுங்க" என்று கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் சொல்வார். பொம்பளைப் பிள்ளைக்கு ரிக் எதற்கு என்று யாராவது கேட்டுவிட்டால் சாப்பாட்டை விட்டுவிட்டுச் சண்டைக்குப் போவார்.

சும்மா சொல்லக் கூடாது, அந்தச் சேர்க்கையால் எனக்கு ராஜ வாழ்வு. சித்தி பெண்கள் கோலப்பொடியோடு வளர்ந்தபோது நான் ஸ்பேனரோடு வளர்ந்தேன். எந்த போல்ட்டுக்கு எந்த ஸ்பேனர் என்று எட்டு வயதில் தெரியும். டியூஷன் முடிந்து தாமதமாக வந்தாலும் கேள்வி கிடையாது. "செவ்வா பலமா இருக்குது, அவ பாத்துக்குவா" என்பார் அப்பா.

பிளஸ் டூ முடிந்ததும்தான் சிக்கல். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்துவிட்டு, ரிக் கட்டுகிற பட்டறை ஒன்றில் சேர வேண்டும் என்பது அப்பாவின் திட்டம். எனக்கோ கால்நடை மருத்துவம். பரமத்தி வேலூர்ப் பக்கம் அத்தை வீட்டில் ஒரு மாடு கன்று போட முடியாமல் தவித்தபோது வந்த டாக்டரம்மா, தோள் வரை கையை உள்ளே விட்டுக் கன்றின் கால்களில் கயிறு மாட்டி, நுனியை என்னிடம் கொடுத்து இழுக்கச் சொன்னார். கன்று வழுக்கி வந்து விழுந்து காதை ஆட்டியது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். வீட்டில் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அப்பாவை எதிர்த்துப் பேசிவிடலாம், சனியை எதிர்த்து என்ன பேசுவது?

விண்ணப்பத்துக்கு மூன்று நாள்தான் இருந்தது. சான்றிதழ்களைத் தேடி மஞ்சப்பையைக் கொட்டியபோது, நான் பிறந்த ஆஸ்பத்திரியின் பழைய டிஸ்சார்ஜ் சீட்டு விழுந்தது. பெண் குழந்தை, பகல் 1.10. ஜாதகத்தை எடுத்துப் பார்த்தேன். 3.25. இரண்டு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். அம்மாவிடம் ஓடினேன்.

"நானு மயக்கத்துல கெடந்தேன், எனக்கென்ன சாமி தெரியும். ஜாதகம் எழுதுனது உங்கொப்பன்" என்றார் அம்மா.

அப்பா சீட்டை வாங்கிப் பார்த்தார். பிறகு பீரோவிலிருந்து கிரீஸ் படிந்த ஒரு நோட்டை எடுத்து வந்தார். ரிக்கில் அன்றாடம் எத்தனை அடி இறங்கியது என்று எழுதுகிற நோட்டு. நான் பிறந்தபோது கோடை, அப்பா ஆந்திராவில் ஒரு விவசாயியின் காட்டில் போர் போட்டுக்கொண்டிருந்தார். செய்தி அந்த ஊர்க் கடை போனுக்கு வந்து, கடைக்காரர் சைக்கிள் மிதித்து வந்து சொல்லியிருக்கிறார். 'முந்நூற்றுப் பத்து அடி. தண்ணி இல்லை. பெண் குழந்தை. 3.25' என்று அப்பாவின் கோணல் எழுத்தில் இருந்தது. ஊர் திரும்பியதும் அந்த நேரத்தையே ஜோசியரிடம் கொடுத்துவிட்டார்.

"பொறந்திருக்குதுன்னு சொன்னாங்க. அப்பவே மணியப் பாத்து எழுதிப்போட்டேன்" என்றார்.

மறுநாள் காலை மலையடிவாரத்து ஜோசியரிடம் போனோம். அவர் கம்ப்யூட்டரில் புது நேரத்தைத் தட்டினார்.

"லக்னம் மாறிப்போச்சுங்க. கன்னி இல்லீங்க, சிம்மம். சனியும் செவ்வாயும் பதினொண்ணுக்குப் போயிருச்சு."

"அப்பப் பத்துல?" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்லீங்க. காலி."

அப்பா இன்னொரு தரம் கேட்டார். "காலின்னாக் கெடுதலில்லீங்க, அதிபதி நல்லாத்தான் இருக்குறாரு. இன்ன தொழிலுதான்னு அடிச்சுச் சொல்றாப்புல எதுவும் உக்காந்திருக்கல, அவ்வளவுதானுங்க" என்றார் ஜோசியர்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இத்தனை வருடம் என் தொழிலைக் குத்தகைக்கு எடுத்திருந்த இரண்டு பேரும் ஒரே காலையில் காலி செய்துவிட்டார்கள். ஆனால் அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. திரும்புகிற வழியில் ஒரு பேக்கரியில் பைக்கை நிறுத்தி, இரண்டு டீயும் தேங்காய் பன்னும் சொன்னார். பன் பாதி தீர்ந்த பிறகு கேட்டார், "உனக்கு என்ன சாமி படிக்கோணும்?"

அதுவரை அவர் அதைக் கேட்டதே இல்லை. நான் கன்றுக்குட்டிக் கதையை மூச்சுவிடாமல் சொன்னேன்.

"நீயா இழுத்தே?"

"கயித்த நாந்தானுங்கப்பா இழுத்தேன்."

அவர் முகம் மெல்ல விரிந்தது. "முந்நூறு அடி டிரில் ராடையே இழுத்த கை என்னோடது. உனக்கு வராமலா இருக்கும்" என்றார். அன்று மாலையே விண்ணப்பம் போட்டோம். எனக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான்.

புது ஜாதகம் மஞ்சப்பைக்குள் போனது. பழையதை அப்பா மடித்து ரிக் நோட்டுக்குள் வைத்தார்.

"தப்பான ஜாதகம் எதுக்குங்கப்பா?" என்று சீண்டினேன்.

"ஆஸ்பத்திரிக்கு நீ ஒண்ணு பத்துக்குப் பொறந்தே சாமி. எனக்கு மூணு இருபத்தஞ்சுக்குத்தான் பொறந்தே."

இப்போது கடைசி வருடப் பயிற்சியில் இருக்கிறேன். போன பிறந்தநாளன்று ஜேடர்பாளையம் பக்கம் ஒரு தொழுவத்தில், தோள் வரை கை மாட்டுக்குள் இருந்த நேரத்தில் பையில் போன் அடித்தது. மாட்டுக்காரர் எடுத்து, "அப்பான்னு வருதுங்க" என்றார். மணி பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. காதில் வைக்கச் சொன்னேன்.